யார் வாங்குவார்? – பிரேசில் நாட்டு உணவுப் பாதுகாப்பு நமக்குச் சொல்வது

வேளாண் கடன் கேட்டு வங்கிக் கிளைக்கு வரும் உழவரிடம் வழக்கமாகச் சில கேள்விகள் கேட்கப்படுகின்றன. நிலம் எவ்வளவு, பட்டா யார் பெயரில் உள்ளது, பாசன வசதி உண்டா, என்ன பயிர், சென்ற பருவத்தில் மகசூல் எவ்வளவு ஆகிய அனைத்திற்கும் அவரிடம் விடை உண்டு. விளைந்ததை யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார் என்ற கேள்விக்குத்தான் பெரும்பாலும் உறுதியான விடை கிடைப்பதில்லை. வாங்கிய கடன் திரும்புவதும், அடுத்த பருவத்தில் அவர் துணிந்து விதைப்பதும் அந்த ஒரு விடையைப் பொறுத்தே அமைகின்றன.

அந்த உழவரின் ஊரைச் சுற்றிப் பார்த்தால், வாங்குவோருக்குப் பஞ்சமில்லை என்பது தெரியும். பள்ளிகள், அங்கன்வாடிகள், மாணவர் விடுதிகள், அரசு மருத்துவமனைகள் ஆகியவை நாள்தோறும் காய்கறியும் பருப்பும் முட்டையும் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் அந்தப் பொருள்கள் பல கைகள் மாறி, தொலைவிலுள்ள மொத்தச் சந்தையிலிருந்து வருகின்றன. அருகிலுள்ள வயலின் தக்காளியோ விலை போகாமல் வரப்பில் கொட்டப்படுகிறது. உணவுத் தேவையும் விளைச்சலும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

இவ்விரண்டையும் சட்டத்தின் துணையோடு சந்திக்க வைத்த நாடுகளுள் பிரேசில் முதன்மையானது. அந்நாடு என்ன செய்தது, அதில் எது பலித்தது, எது இடையில் சறுக்கியது, நாம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

விளைச்சல் மிகுந்த நாட்டில் பசி

காபி, சர்க்கரை, சோயா, மாட்டிறைச்சி ஆகியவற்றின் ஏற்றுமதியில் பிரேசில் உலகின் முன்னணியில் நிற்கும் நாடு. பரந்த நிலப்பரப்பும் பெரிய ஆறுகளும் கொண்ட அந்நாட்டில் விளைச்சலுக்குக் குறைவில்லை. ஆயினும் 20ஆம் நூற்றாண்டு முழுவதும் பசி அந்நாட்டை விட்டு அகலவில்லை. மழை குறைந்த வடகிழக்கு மாநிலங்களிலும், பெருநகரங்களின் ஓரங்களில் பெருகிய குடிசைப் பகுதிகளிலும் கோடிக்கணக்கானோர் அரைவயிற்றுடன் வாழ்ந்தனர்.

இந்த முரண்பாட்டை முதலில் ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் ரெசிஃபே நகரைச் சேர்ந்த மருத்துவர் ஜோசுவே டி காஸ்ட்ரோ. 'பசியின் புவியியல்' என்ற அவரது நூல் 1946ஆம் ஆண்டு வெளிவந்தது. பசிக்கு வானத்தையும் மண்ணையும் மட்டும் காரணம் காட்டுவது தவறு; நிலம் யாரிடம் உள்ளது, வருமானம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பவையே அடிப்படைக் காரணங்கள் என்பது அவர் நிலைநாட்டிய கருத்து. பின்னாளில் ஐக்கிய நாடுகள் உணவு மற்றும் வேளாண் அமைப்பின் மன்றத் தலைவராகவும் அவர் பணியாற்றினார்.

1993ஆம் ஆண்டில் சமூகவியலாளர் ஹெர்பர்ட் டி சூசா பசிக்கு எதிராக நாடு தழுவிய குடிமக்கள் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். மக்கள் அவரைப் 'பெட்டின்யூ' என்று அன்புடன் அழைத்தனர். ஊர்தோறும், பணியிடந்தோறும் குழுக்கள் அமைந்தன. அந்நாட்டின் அரசுடைமை வங்கியான பாங்கோ டோ பிரேசிலின் ஊழியர்கள் தாங்களே முன்வந்து பல இடங்களில் இக்குழுக்களை அமைத்தனர் என்பது வங்கித் துறையினர் பெருமையோடு நினைவுகூரத்தக்க செய்தி. நாட்டின் எல்லா மூலைகளிலும் கிளைகளைக் கொண்டிருந்த நிறுவனம் என்பதால் அவ்வங்கி அந்த இயக்கத்தின் பரவலுக்குப் பெரிதும் துணைநின்றது.

2003ஆம் ஆண்டில் பதவியேற்ற குடியரசுத் தலைவர் லூலா 'ஃபோமே ஜீரோ', அதாவது 'பசியில்லா நிலை' என்ற பெயரில் பல திட்டங்களை ஒருங்கிணைத்தார். ஏழைக் குடும்பங்களுக்கு வங்கி அட்டை வழியே மாதந்தோறும் பணம் வழங்கும் 'போல்சா ஃபமீலியா' திட்டம் அவ்வாண்டே தொடங்கியது. அட்டை பெரும்பாலும் குடும்பத் தலைவியின் பெயரில் வழங்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் அரசியலமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, உணவு பெறுவது ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்று எழுதப்பட்டது.

பணம் கையில் வந்தால் மக்கள் உணவு வாங்குவார்கள். ஆனால் அந்த உணவை யார் விளைவிப்பது, அந்த வருமானம் யாரைச் சேர்வது என்பது தனிக் கேள்வி. இந்தக் கேள்விக்கு விடைதேடும் முயற்சி அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு நகரத்தில் தொடங்கியிருந்தது.

ஒரு நகராட்சியின் முயற்சி

மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் தலைநகர் பெலோ ஹொரிசோன்டே. ஏறத்தாழ 25 லட்சம் மக்கள் வாழும் பெருநகரம். 1993ஆம் ஆண்டில் அந்நகரின் மேயராகப் பொறுப்பேற்ற பாட்ருஸ் அனானியாஸ், உணவு வழங்கலுக்கென்றே ஒரு தனித் துறையை நகராட்சியில் உருவாக்கினார். சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் போலவே உணவும் நகராட்சியின் பொறுப்பு என்பதே அதன் அடிப்படை.

அத்துறை மேற்கொண்ட பணிகள் பலவகை. முதலாவது, மக்கள் உணவகங்கள். சோறு, அவரைப்பருப்பு, இறைச்சி, காய்கறி கொண்ட முழு மதிய உணவு மிகக் குறைந்த விலையில் இங்கே வழங்கப்பட்டது. ஏழை என்று சான்று காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கூலித் தொழிலாளரும் மாணவரும் அலுவலக எழுத்தரும் முதியோரும் ஒரே வரிசையில் நின்று உணவு பெற்றனர். எல்லோருக்கும் பொதுவான இடம் என்பதால், அங்கே உண்பவர் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, நகராட்சிக்குச் சொந்தமான நல்ல கடை இடங்களைச் சலுகை நிபந்தனையில் காய்கனி வணிகர்களுக்கு வழங்கியமை. அதற்கு ஈடாக, ஏறத்தாழ 20 வகை அடிப்படைப் பொருள்களை நகராட்சி நிர்ணயித்த குறைந்த விலையில் அவர்கள் விற்க வேண்டும். எஞ்சியவற்றைச் சந்தை விலைக்கு விற்கலாம். நகரின் ஒதுக்குப்புறமான ஏழைப் பகுதிகளுக்கு வார இறுதியில் வண்டியில் கொண்டுசென்று விற்க வேண்டும் என்பதும் நிபந்தனைகளுள் ஒன்று. நகராட்சி மானியமாகப் பணம் தரவில்லை. தன்னிடமிருந்த இடத்தையே மானியமாக்கியது.

மூன்றாவது, நகரைச் சுற்றியுள்ள சிறு உழவர்கள் இடைத்தரகர் இன்றி நேரடியாக விற்பதற்கான கடைகள். 'வயலிலிருந்து நேராக' என்று பொருள்படும் பெயர் இத்திட்டத்திற்கு. நுகர்வோர் கொடுத்த விலை முழுவதும் உழவர் கையைச் சேர்ந்ததால், அவருக்கு வரவு கூடியது. வாங்குவோருக்குச் செலவு குறைந்தது.

நான்காவது பணி மிக எளியது. பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையுடன், நகரின் பல கடைகளில் 45 அன்றாடப் பொருள்களின் விலை தொடர்ந்து திரட்டப்பட்டது. அந்தப் பட்டியல் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டப்பட்டது. செய்தித்தாள்களிலும் வானொலியிலும் வெளியானது. எந்தக் கடையில் எது மலிவு என்று எல்லோருக்கும் தெரிந்தபின், காரணமின்றி விலையை உயர்த்துவது கடினமாயிற்று.

இத்தனைக்கும் சேர்த்து நகராட்சியின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 2 விழுக்காட்டிற்கும் குறைவான தொகையே செலவானது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அந்நகரில் குழந்தை இறப்பு விகிதம் பாதிக்கும் மேலாகக் குறைந்தது. மருத்துவ வசதிகள் முன்னேறியதும் இதற்குக் காரணம் என்றாலும், உணவுத் திட்டங்களின் பங்கை எவரும் மறுக்கவில்லை. 2009ஆம் ஆண்டில் உலக எதிர்கால மன்றம் தன் கொள்கை விருதை இந்நகரின் திட்டத்திற்கு வழங்கியது.

பள்ளி உணவில் 30 விழுக்காடு

பெலோ ஹொரிசோன்டேயின் அனுபவம் தேசியத் திட்டங்களுக்கு முன்னோடியாக அமைந்தது. அவற்றுள் நம் கவனத்திற்கு மிகவும் உரியது பள்ளி உணவுத் திட்டம்.

பிரேசிலில் பள்ளி உணவு 1955ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. இன்று அரசுப் பள்ளிகளில் பயிலும் ஏறத்தாழ 4 கோடி மாணவர்கள் அதனால் பயன்பெறுகின்றனர். நீண்ட காலம் அது பெரிய நிறுவனங்கள் பொட்டலங்களில் வழங்கிய பதப்படுத்திய உணவையே பெரிதும் நம்பியிருந்தது. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் இயற்றப்பட்ட 11,947ஆம் எண் சட்டம் அந்நிலையை மாற்றியது. பள்ளி உணவிற்காக மத்திய அரசு வழங்கும் தொகையில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப உழவர்களிடமிருந்து நேரடியாக வாங்குவதற்கே செலவிட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

குடும்ப உழவர் யார் என்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று முன்னரே வரையறுத்திருந்தது. நிலப்பரப்பு குறித்த வரம்பிற்குள் இருக்க வேண்டும்; உழைப்பு பெரும்பாலும் குடும்பத்தினருடையதாக இருக்க வேண்டும்; பண்ணையைக் குடும்பமே நடத்த வேண்டும்; வருமானத்தில் உரிய பங்கு அந்நிலத்திலிருந்து வர வேண்டும். 2017ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டுப் பண்ணைகளில் 77 விழுக்காடு இத்தகையவை. ஆனால் அவர்களிடம் உள்ள நிலம் மொத்தப் பரப்பில் 23 விழுக்காடு மட்டுமே. அந்தச் சிறிய பரப்பில் ஏறத்தாழ 1 கோடிப் பேர் உழைக்கின்றனர்.

சட்டத்தின் வெற்றி அதன் நடைமுறை நுணுக்கங்களில் இருக்கிறது. அவற்றுள் சிலவற்றைச் சற்று விரிவாகக் காண்பது பயன்தரும்.

குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற வழக்கமான முறை இங்கே விலக்கப்பட்டது. அம்முறையில் ஒரு சிற்றூர் உழவர் பெரிய மொத்த வணிகருடன் போட்டியிட இயலாது. அதற்கு மாறாக, நகராட்சி 'பொது அழைப்பு' ஒன்றை வெளியிடுகிறது. என்னென்ன பொருள், எவ்வளவு, எந்த மாதத்தில், எந்தப் பள்ளிக்கு என்ற விவரங்கள் அதில் இருக்கும். உள்ளூர்ச் சந்தையில் விசாரித்து, விலையையும் முன்கூட்டியே நிர்ணயித்து அறிவிக்கின்றனர். விலையில் போட்டி இல்லை. அருகிலுள்ளவர்களுக்கே முன்னுரிமை, அதே ஊரார் கிடைக்காவிடில் அடுத்த வட்டாரம், பின்னரே பிற பகுதிகள். இயற்கை முறையில் விளைந்த பொருளுக்கு 30 விழுக்காடு வரை கூடுதல் விலை தரலாம்.

உணவுப் பட்டியலைத் தகுதிபெற்ற ஊட்டச்சத்து வல்லுநர் ஒருவரே வகுக்க வேண்டும். அவர் தம் விருப்பப்படி எழுதிவிட முடியாது. அவ்வட்டாரத்தில் எந்தப் பருவத்தில் எது விளையும் என்பதை அறிந்து, அதற்கேற்பப் பட்டியலை அமைக்க வேண்டும். கீரை மிகுந்த மாதத்தில் கீரை, வாழை மிகுந்த மாதத்தில் வாழை, மரவள்ளி அறுவடைக் காலத்தில் மரவள்ளி. இதனால் உழவருக்கு அடுத்த ஆண்டில் எதை எவ்வளவு விதைக்கலாம் என்பது முன்கூட்டியே தெரிகிறது.

ஓர் உழவர் குடும்பம் ஓராண்டில் விற்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2009இல் 9,000 ரெயால் என்றிருந்த அது, 2012இல் 20,000 ஆகவும், 2021இல் 40,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. வசதி படைத்த சிலரே முழு வாய்ப்பையும் கைப்பற்றிவிடாமல் இந்த வரம்பு தடுக்கிறது.

இவையனைத்தையும் கண்காணிக்க ஒவ்வொரு நகராட்சியிலும் பள்ளி உணவு மன்றம் உண்டு. பெற்றோர், ஆசிரியர், குடிமக்கள் அமைப்பினர், அரசுப் பிரதிநிதி ஆகியோர் அதன் உறுப்பினர்கள். கணக்குகளைப் பார்க்கவும், சமையற்கூடத்தைச் சோதிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

தொடக்கத்தில் இடர்ப்பாடுகள் பல இருந்தன. பல நகராட்சிகளால் 30 விழுக்காட்டை எட்ட இயலவில்லை. சிதறிக் கிடக்கும் பள்ளிகளுக்குச் சிறுசிறு அளவில் கொண்டுசேர்க்க வண்டிச் செலவு மிகுந்தது. முறையான விலைப்பட்டியல் வழங்கவும், சுகாதார விதிகளை நிறைவு செய்யவும் தனி உழவரால் முடியவில்லை. கூட்டுறவுச் சங்கங்களே இதற்குத் தீர்வாயின. விளைச்சலைத் திரட்டுதல், தரம் பிரித்தல், வண்டி ஏற்பாடு, கணக்கு ஆகியவற்றைச் சங்கம் ஏற்றுக்கொண்ட இடங்களில் திட்டம் வேரூன்றியது.

ஒரே சான்றிதழ், இரண்டு பயன்கள்

வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம் தனியே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உள்ளது.

குடும்ப உழவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் வழங்க 'ப்ரோநாஃப்' என்ற தேசியத் திட்டத்தை பிரேசில் 1996ஆம் ஆண்டில் முறைப்படுத்தியது. இத்திட்டத்தில் கடன் பெற, 'இவர் குடும்ப உழவர்' என்று உறுதிசெய்யும் சான்றிதழ் ஒன்று தேவை. பிற்காலத்தில் அரசு உணவுக் கொள்முதலும் பள்ளி உணவுச் சட்டமும் வந்தபோது, புதிய ஆவணங்களைக் கேட்டு உழவரை அலைக்கழிக்காமல், அதே சான்றிதழே விற்பனைக்கும் போதுமானது என்று விதித்தனர். வங்கியில் கடன் பெற்றுத் தந்த சான்றிதழே பள்ளியில் விளைபொருளை விற்கவும் தகுதி தந்தது.

இதன் விளைவு பெரிது. கடன் என்பது நாளைய வருமானத்தின் மீது இன்று வைக்கும் நம்பிக்கை. வாங்குபவர் யார், விலை என்ன என்பது விதைக்கும் முன்பே தெரிந்தால், அந்த நம்பிக்கைக்கு ஓர் அடித்தளம் கிடைக்கிறது. விற்பனைத் தொகை வங்கிக் கணக்கில் வரவாகும்போது, ஈடாகக் காட்ட நிலமோ நகையோ மிகுதியாக இல்லாத உழவருக்கும் அவரது வரவுப் பதிவேடே ஒரு தகுதியாகிறது. அவரும் வட்டிக்காரரை நாடாமல், மாட்டுக்கொட்டகையோ சொட்டுநீர்க் குழாயோ அமைக்கத் துணிகிறார்.

கடன் திட்டமும் மானியத் திட்டமும் தனித்தனியே இயங்கினால், ஒன்றின் பலவீனம் மற்றொன்றையும் பாதிக்கும். அறுவடைக் காலத்தில் விலை சரிந்தால், நல்ல மகசூல் எடுத்த உழவர்கூடக் கடனாளியாகிறார். கடன், சந்தை, ஊட்டச்சத்து ஆகிய மூன்றையும் ஒரே சங்கிலியாகப் பார்த்ததே பிரேசில் முயற்சியின் சாரம்.

வறண்ட நிலத்திற்கு நீர்

விளைவித்தால்தானே விற்க முடியும்? வடகிழக்கின் வறண்ட பகுதிகளில் ஆண்டின் எட்டு மாதங்களுக்கு மழை இல்லாத ஊர்கள் உண்டு. பெரிய அணைகள் அங்குள்ள சிறு உழவரின் வீட்டுவாசலுக்கு நீரைக் கொண்டுவரவில்லை. 2003ஆம் ஆண்டில் அப்பகுதியின் மக்கள் அமைப்புகள் அரசின் துணையோடு 'பத்து லட்சம் நீர்த்தொட்டிகள்' என்ற திட்டத்தைத் தொடங்கின. கூரையில் விழும் மழைநீரைச் சேமிக்கும் தொட்டி ஒவ்வொன்றும் 16,000 லிட்டர் கொள்ளளவு உடையது. ஒரு குடும்பத்தின் குடிநீருக்கும் சமையலுக்கும் கோடை முழுவதும் அது போதும். உள்ளூர்க் கொத்தனார்களும் குடும்பத்தினருமே அவற்றைக் கட்டினர். இதைத் தொடர்ந்து, வீட்டுத் தோட்டத்திற்கென 52,000 லிட்டர் தொட்டிகளும் கட்டப்பட்டன. குடிநீருக்காகப் பெண்கள் நடந்த தொலைவு குறைந்தது. மிஞ்சிய நேரமும் நீரும் கீரைப்பாத்திகளுக்கும் கோழி வளர்ப்பிற்கும் பயன்பட்டன.

கைவிட்டபோது நேர்ந்தது

இம்முயற்சிகளின் கூட்டுப் பயனாக, 2014ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் உணவு மற்றும் வேளாண் அமைப்பு பிரேசிலைத் தன் 'பசி வரைபடத்திலிருந்து' நீக்கியது. மக்கள்தொகையில் ஊட்டக்குறைவு உடையோர் 2.5 விழுக்காட்டிற்கும் கீழே குறைந்தால் இந்நிலை எய்தப்படும்.

ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. பொருளாதார மந்தநிலை வந்தது. குடும்ப உழவர்களிடம் அரசு செய்த கொள்முதலுக்கான நிதி ஆண்டுதோறும் சுருங்கியது. அரசும் குடிமக்களும் ஒன்றாக அமர்ந்து கொள்கை வகுத்த தேசிய உணவுப் பாதுகாப்பு மன்றம் 2019ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே கலைக்கப்பட்டது. பின்னர் பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பள்ளிக் கொள்முதலை நம்பியிருந்த உழவர் குழுக்கள் பல தடுமாறின. 2022ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆய்வாளர் கூட்டமைப்பு ஒன்று நடத்திய கணக்கெடுப்பு, 3 கோடியே 31 லட்சம் பேர் கடும் பசியில் இருப்பதாகக் காட்டியது. பிரேசில் மீண்டும் பசி வரைபடத்தில் இடம்பெற்றது.

அந்த ஆண்டுகளிலும் சோயா ஏற்றுமதி பெருமளவில் தொடர்ந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். உற்பத்தி இருந்தது, அது தட்டிற்கு வந்துசேரும் வழி அடைபட்டிருந்தது.

2023ஆம் ஆண்டில் கொள்முதல் திட்டம் புதிய சட்டத்தின் வழியே மீண்டும் உயிர்பெற்றது. கலைக்கப்பட்ட மன்றம் மீண்டும் கூடியது. பணப்பயன் திட்டம் விரிவாக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியான அறிக்கையில் பிரேசில் இரண்டாம் முறையாகப் பசி வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டது. பசியைப் போக்குவதற்கு ஒரு தலைமுறை தேவைப்படலாம். அது திரும்பி வருவதற்குச் சில ஆண்டுகளே போதும். பாதுகாப்பு என்பது ஒருமுறை எய்திவிட்டு ஓய்ந்திருக்கும் நிலை அன்று.

நம் நாட்டில் என்ன இருக்கிறது

பிரேசிலின் வழியை அப்படியே நாம் பின்பற்ற முடியாது. அங்குள்ள குடும்பப் பண்ணைகள் நம் உழவர்களின் நிலத்தைவிடப் பெரியவை. நம் நாட்டில் நில உடைமைகளில் 86 விழுக்காடு 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. மக்கள்தொகையோ பல மடங்கு அதிகம். ஆனால் சங்கிலியின் கண்ணிகள் பல நம்மிடம் முன்னரே உள்ளன.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டிலேயே உணவை உரிமையாக்கியது. ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு நியாயவிலைக் கடைகள் வழியே தானியம் கிடைக்கிறது. பள்ளி மதிய உணவுத் திட்டத்தின் பயனாளிகள் 11 கோடி மாணவர்களுக்கும் மேல். அரிசியும் கோதுமையும் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளிலிருந்து வருகின்றன. காய்கறி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை உள்ளூரிலேயே வாங்கத் தனித்தொகை ஒதுக்கப்படுகிறது. பிரேசில் 2009ஆம் ஆண்டில் வகுத்த 30 விழுக்காட்டு விதியைப் போன்றதொரு பிணைப்பிற்கு இடமளிப்பது இந்தத் தொகையே.

இத்திசையில் நம் மாநிலங்கள் சில ஏற்கெனவே நடைபோட்டுள்ளன. ஒடிசா அரசு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய சிறுதானிய இயக்கம் இதற்கு நல்ல சான்று. பழங்குடி உழவர்களுக்குக் கேழ்வரகு பயிரிட ஊக்கம் தந்ததோடு அது நிற்கவில்லை. விளைந்த கேழ்வரகை ஆதரவு விலையில் அரசே வாங்கி, நியாயவிலைக் கடைகள் வழியே வழங்கியது. கியோஞ்சர் மாவட்ட அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கேழ்வரகு லட்டும் கிடைத்தது. கேரளத்தில் 1998ஆம் ஆண்டில் தோன்றிய குடும்பஸ்ரீ அமைப்பின் மகளிர் குழுக்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிடுகின்றன. மலிவு விலை மக்கள் உணவகங்களையும் நடத்துகின்றன. பஞ்சாபின் 'அப்னி மண்டி', ஆந்திரத்தின் 'ரைது பஜார்', தமிழ்நாட்டில் 1999ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை ஆகிய மூன்றும் 'வயலிலிருந்து நேராக' என்ற எண்ணத்தின் இந்திய வடிவங்களே.

கடன் பக்கத்திலும் அடித்தளம் உள்ளது. உழவர் கடன் அட்டை 1998ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் திட்டம் 2020ஆம் ஆண்டில் தொடங்கியது. கிடங்கு, குளிர்பதன அறை, தரம் பிரிக்கும் கூடம் போன்றவற்றிற்கு வட்டிச் சலுகையுடன் கடன் தரும் வேளாண் உட்கட்டமைப்பு நிதியும் அவ்வாண்டே வந்தது. இவற்றை உறுதியான கொள்முதலுடன் பிணைப்பதே எஞ்சியுள்ள பணி. பிரேசிலில் அப்பிணைப்பை உருவாக்கியது சட்டம். நம் நாட்டில் அது சட்டத்தாலும் வரலாம். மாவட்ட நிர்வாகம், வங்கி, உழவர் நிறுவனம், பள்ளி ஆகியவை ஓரிடத்தில் அமர்ந்து பேசுவதாலும் வரலாம்.

வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியவை

உழவராக உள்ள வாடிக்கையாளர்கள் தம் விற்பனைத் தொகையை இயன்றவரை வங்கிக் கணக்கின் வழியே பெறுவது நல்லது. கையில் வாங்கிய பணத்திற்குச் சாட்சி இல்லை. கணக்கில் வந்த வரவு அடுத்த கடனுக்கு ஆதாரமாகிறது. உழவர் கடன் அட்டைத் தவணையை உரிய நாளில் செலுத்துவோருக்கு வட்டியில் கூடுதல் சலுகை உண்டு என்பதையும் மறக்கலாகாது. அறுவடைக் காலத்தில் விலை சரிந்தால், பதிவுபெற்ற கிடங்கில் விளைபொருளை வைத்து, அதற்கான மின்னணு ரசீதின் மீது கடன் பெறலாம். அவசரத் தேவைக்காக அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டிய கட்டாயம் அப்போது நீங்கும்.

உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும், பிரேசில் கூட்டுறவுச் சங்கங்களைப் போல, திரட்டல், தரம் பிரித்தல், வண்டி ஏற்பாடு, விலைப்பட்டியல் ஆகிய நான்கையும் ஏற்றுக்கொள்ளும் திறன் பெற வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு, சரக்கு மற்றும் சேவை வரி தொடர்பான ஆவணங்கள் ஆகியவற்றைச் சீராக வைத்திருந்தால், விடுதிகளையும் மருத்துவமனைகளையும் அணுகுவது எளிது. ஒரே ஒரு வாங்குநரை நம்பியிருப்பதன் ஆபத்தைப் பெருந்தொற்றுக் கால பிரேசில் காட்டிவிட்டது. பள்ளிக்குப் பாதி, சந்தைக்குப் பாதி என்று பிரித்து வைப்பதே விவேகம்.

நகரவாசிகளான வாடிக்கையாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள் அருகிலுள்ள உழவர் குழுவோடு வாராந்தர ஏற்பாடு செய்துகொள்ளலாம். சிற்றுண்டிச் சாலை நடத்துவோரும் தொழிற்கூட உரிமையாளர்களும் தம் மாதாந்தரக் காய்கறித் தேவையை முன்கூட்டியே எழுதித் தந்தால், அதுவே ஓர் உழவருக்குப் 'பொது அழைப்பு' ஆகும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மையினர். குழந்தைகளின் தட்டில் என்ன இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கூட்டத்தில் கேட்கலாம். பள்ளித் தோட்டத்தைத் தொடங்கச் சொல்லலாம்.

கடன் தேவைப்படுவோரும், உழவர் நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாதம் பற்றி அறிய விழைவோரும் தம் கிளையின் வேளாண் அலுவலரை அணுகலாம். செல்லும்போது நில ஆவணங்களுடன், விளைபொருளை வாங்க இசைந்தவரின் கடிதம் ஒன்றும் கையில் இருக்குமானால், கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது மேலும் எளிதாகும். யார் வாங்குவார் என்ற கேள்விக்கு அப்போது எழுத்திலேயே விடை இருக்கும்.